பாதியில் விட்ட ஆட்டம்

டீயை எடுத்துக்கொள். இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஏழாம் மாதத்தில் நெஞ்சைக் கரிக்கிறது என்றால் பாதியோடு வைத்துவிடு. சீப்புச் சீடை அத்தை சுட்டது. சின்னவன் இப்போதுதான் தூங்கினான். பெரியவள் பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள். நமக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

நேற்று ஆசிரியர் அறையில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. "அக்கா, குழந்தை பிறந்த பிறகு கேம் விளையாட முடியுமா, இல்லை நிண்டெண்டோ ஸ்விட்சை இப்பவே வித்துடட்டுமா?" என்றாய். கேட்கும்போதே உன் குரல் தாழ்ந்துவிட்டது, ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. வயிற்றில் பிள்ளை வந்ததும் உனக்குப் பிடித்த ஒன்றை நீயே முதலில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சொன்னார்கள்.

நான் இந்த ஒரு வருடமாக விளையாடிக்கொண்டுதான் இருக்கிறேன். தொடங்கியபோது பையனுக்கு 5 மாதம், இப்போது 17. மகளுக்கு அப்போது நாலு வயது, இப்போது ஐந்து முடிந்துவிட்டது. காரைக்குடி செக்காலையில் இதே வீட்டில், பள்ளிக்கூட வேலைக்கும் போய்க்கொண்டு. சில மாதம் சரியாகச் செய்தேன், சில மாதம் தப்பாகச் செய்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

அத்தையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். என் கையில் கேம் இருப்பதை முதல்முறை பார்த்தபோது அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்திரிச்சுப் போனா நிக்குமா அது?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். பள்ளத்தூரில் அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டு வளவில், மத்தியானச் சமையல் முடிந்து அடுப்படியை ஒதுக்கி வைத்த பிறகு, பெண்கள் பல்லாங்குழியோடு உட்காருவார்களாம். ஒருபக்கம் தாயம் உருளும், இன்னொரு பக்கம் சொக்கட்டான். வீட்டு ஆண்களில் பாதிப் பேர் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊரில் இருந்த காலம் அது. அத்தைக்கு மூன்று பிள்ளைகள். தூளியில் கிடப்பது அழுதால் எழுந்து போவார், பால் கொடுப்பார், தட்டிக்கொடுப்பார், திரும்பி வருவார். வருவதற்குள் அரை மணி ஆகியிருக்கும். 14 குழியில் 70 புளியங்கொட்டையும் விட்டது விட்டபடி இருக்கும். யார் கை என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சில நாள் அந்த ஆட்டம் மறுநாள் மத்தியானம்தான் முடியுமாம். பலகையை அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்துவிடுவார்களாம், கொட்டை சிந்தாமல்.

அந்தக் கேள்வியை நன்றாகப் பிடித்துக்கொள். எத்தனை மணி நேரம் ஆடலாம், எந்த கேம் நல்லது என்பதெல்லாம் பின்னால் வரட்டும். பிள்ளை வைத்திருப்பவள் எந்த ஆட்டத்தைப் பார்த்தும் முதலில் கேட்க வேண்டியது அத்தை கேட்டதைத்தான். எழுந்து போனால் அது நிற்குமா?

நிற்காத ஆட்டங்கள் உண்டு. போனில் பல பேர் சேர்ந்து ஆடும் சுட்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள். நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், கடைசியில் நிற்பவர் வெற்றி. ஒரு ஆட்டம் அரை மணி நேரம் போகும். இதில் பாஸ் பட்டன் ஏன் இல்லை என்றால், ஆட்டம் உன் போனில் நடக்கவில்லை. எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கிறது. உன் போன் அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல். நீ ஜன்னலைச் சாத்தினால் மற்ற 99 பேருக்கும் ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உன் ஆள் அங்கே அசையாமல் நின்று சாவான். சிராவயல் மஞ்சுவிரட்டில் தொழுவைத் திறந்து விட்ட மாட்டைப் பார்த்துக் கொஞ்சம் நில், பிள்ளை அழுகிறது என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரி.

அதை நான் தெரிந்துகொண்ட விதம் நல்லதாக இல்லை. பையனுக்கு ஒன்பது மாதம். தவழ ஆரம்பித்திருந்தான். இரண்டு காதிலும் இயர்போன், கூட மூன்று பேர், கல்லூரித் தோழிகள். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. எட்டு நிமிடம்தானே என்று நினைத்தேன். அவன் சமையலறை நிலைப்படியைப் பிடித்து எழுந்து, கைவிட்டு, கல் தரையில் வாய் குப்புற விழுந்தான். கீழுதடு கிழிந்தது. அழுகைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அத்தை ஓடி வருவது கண்ணில் பட்டுத்தான் நிமிர்ந்தேன். தையல் போடும் அளவுக்கு இல்லை, நாலு நாளில் ஆறிவிட்டது. கிட்டப் பார்த்தால் இன்னும் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியே அந்த கேமைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். பிள்ளைகள் விழித்திருக்கும்போது நிற்காத ஆட்டம் இந்த வீட்டில் கிடையாது. இரண்டு காதையும் அடைக்கிற இயர்போனும் கிடையாது.

சரி, நிற்கிற ஆட்டம் எப்படி நிற்கிறது? உன் ஸ்விட்சில் மூன்று விதம். ஒன்று பாஸ்: ஒரு பட்டனை அமுக்கினால் ஆட்டத்துக்குள் காலம் நின்றுவிடும். இரண்டாவது சேவ்: இதுவரை ஆடியதை எழுதி வைத்துக்கொள்ளும், மெஷினை அணைத்தாலும் போகாது. மூன்றாவதுதான் நமக்குத் தேவையானது, ஸ்லீப் மோட். மேலே இருக்கும் சின்ன பட்டனை ஒரு தட்டு. திரை அணைந்துவிடும். உள்ளே கணக்குப் போடும் பகுதி வேலையை நிறுத்திவிடும். ஆடிக்கொண்டிருந்த நொடி மட்டும் நினைவகத்தில் அப்படியே இருக்கும், அதைப் பிடித்து வைக்கக் கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் போதும். மரியோ அந்தரத்தில் குதித்துக்கொண்டிருக்கும்போது தட்டினால், மறுநாள் எடுக்கும்போது அதே அந்தரத்தில் இருப்பார். அத்தையின் பலகை அலமாரி மேல் ஏறிய மாதிரிதான்.

மகள் என்னிடம் கேட்டாள், தூங்கும்போது அது எதைச் சாப்பிடும் என்று. பேட்டரியைச் சாப்பிடும் என்றேன். பேட்டரி எங்கே கிடைக்கும் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சிக்ரி வாசல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்த ஆய்வு மையம். இந்த மெஷினில் இருப்பது லித்தியம் பேட்டரி. அந்த மாதிரிப் பேட்டரியைப் பற்றி அந்த மதிலுக்குள் பல வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. "அப்ப அவங்களும் கேம் விளையாடுவாங்களா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

நான் இந்த வருடம் அதிகம் ஆடியது ஸ்டார்டியூ வேலி. தாத்தா விட்டுப்போன பாழ்நிலத்துக்குப் போய் விவசாயம் பார்க்கிற ஆட்டம். எரிக் பரோன் என்ற ஒருவர் படம், இசை, எழுத்து எல்லாவற்றையும் தனி ஆளாக நாலு வருடத்துக்கு மேல் செய்து 2016-இல் வெளியிட்டார். விதை போடலாம், தண்ணீர் ஊற்றலாம், மீன் பிடிக்கலாம், ஊர்க்காரர்களுக்குப் பிடித்ததைக் கொடுத்துப் பழகலாம். அதில் ஒரு நாள் என்பது காலை 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரை. நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். நம் ஆள் தூங்கி அந்த நாள் முடிந்தால்தான் சேவ் ஆகும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, ஆறு மாதம் ஆடிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நாள் முடிந்து சேவ் ஆனதும் நிறுத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் நாள் முடிந்த கையோடு மறுநாள் காலை விடிந்துவிடும். போட்ட விதை முளைத்திருக்கும், தபால் பெட்டியில் கடிதம் இருக்கும், மழை பெய்துகொண்டிருக்கும். இன்னும் ஒரு நாள், 14 நிமிடம்தானே என்று கை போகும். அப்படித்தான் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. அதனால் நான் நாள் முடிவில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். ஆட்டத்தில் மத்தியானம் ஆகும்போது, பாதித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய நிலையில் ஸ்லீப் பட்டனைத் தட்டிவிடுவேன். பாதி வேலையில் விட்டால் மனசு அடித்துக்கொள்ளும் என்று நினைப்பாய். எனக்கு நேர்மாறாக இருந்தது. முடிந்த இடம் அடுத்ததற்குக் கூப்பிடுகிறது, பாதியில் விட்ட இடம் சும்மா கிடக்கிறது. செய்து பார்.

இலவசம் என்று வருகிற போன் கேம்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவை எழுந்து போனால் நிற்கும், ஆனால் உன்னைச் சும்மா விடாது. தினமும் திறந்தால் பரிசு, ஒருநாள் விட்டால் வரிசை அறுந்து போகும், மூன்று மணி நேரத்தில் உன் கோட்டை தயார் என்று நடுராத்திரியில் மணி அடிக்கும். கைப்பிள்ளை கூப்பிடுவதே போதும், போனும் கூப்பிட வேண்டாம். பணம் வைத்து ஆடுவதைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையே இல்லை. நம் மாநிலம் 2022-இல் சட்டம் போட்டது; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. பணத்தைத் தொலைத்த வீடுகளை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

இன்னும் கொஞ்சம் டீ ஊற்றட்டுமா? வேண்டாமா, சரி.

தூக்கம். முதல் மூன்று மாதம் நான் செய்த பெரிய தப்பு இதுதான், உதட்டுக் காயத்தைவிடப் பெரியது என்றுகூடச் சொல்வேன். பிள்ளைகள் பத்து மணிக்குத் தூங்கிய பிறகு எனக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்து பன்னிரண்டரை வரை ஆடுவேன். இரண்டு மணிக்குப் பையன் பாலுக்கு எழுவான், ஐந்தரைக்கு நான் எழ வேண்டும். நாள் முழுக்க யாருக்கோ கொடுத்துவிட்டு, ராத்திரியிலாவது எனக்குக் கொஞ்சம் என்று பிடுங்கிக்கொள்கிற ஆசை அது. ஆசை நியாயமானது, ஆனால் எடுத்தது என் தூக்கத்திலிருந்துதான். ஒருநாள் காலை மகள் பாலைக் கொட்டிவிட்டாள் என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த நிலையை நான் மறக்கவில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினேன். இது வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம், தனியாகத் தீராது. ஒரு வீட்டில் ஒருவர் விளையாடும் நேரம் என்பது இன்னொருவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் நேரம். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிக்கெட்டுக்குப் போகிறார். மூன்று மணி நேரம், யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, நான் உட்பட. எனக்கு வாரத்தில் இரண்டு மாலை, முக்கால் மணி நேரம் வேண்டும் என்றேன். செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் அவர் கல்லுக்கட்டிப் பக்கம் கூட்டிப் போகிறார், கொப்புடையம்மன் கோயில், ஒரு சுற்று, திரும்பி வருகிறார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கால் மணி, அரை மணி. பத்தரைக்கு மேல் தொடுவதில்லை. உன் வீட்டுக்காரரிடம் இதை இப்போதே பேசிவிடு. பிள்ளை பிறந்த பிறகு இரண்டு பேருக்குமே பேசத் தெம்பு இருக்காது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்பது தனிக் கேள்வி. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவது மட்டும் பரவாயில்லை என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். திரையில் படம் ஓடினாலே கண்ணை எடுக்க மாட்டான் என்பதால், சின்னவன் விழித்திருக்கும்போது நான் திரையை எடுப்பதில்லை.

மகளுக்கு சனி ஞாயிறு அரை மணி நேரம், என்னோடு மட்டும். சூப்பர் மரியோ ஒடிஸி ஆடுகிறோம். ஸ்விட்சின் இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றினால் ஆளுக்கு ஒரு கன்ட்ரோலர். நான் மரியோ, அவள் மரியோவின் தொப்பி. அந்தத் தொப்பிக்குக் கண் உண்டு, தனியாகப் பறந்து போய்க் காசு எடுக்கும், எதிரியை அடிக்கும், அதற்கு அடிபடாது. அவள் தப்பு செய்து எங்களுக்கு எதுவும் போகாது, ஆனால் அவள் செய்வது ஆட்டத்துக்கு உதவும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் ஒரு ஆட்டத்தில் இருக்க முடியாது. அசிஸ்ட் மோட் போட்டுவிட்டால் நான் பள்ளத்தில் விழுந்தாலும் ஒரு குமிழிக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடும். சில நாள் அவள் ஒரே இடத்தில் நின்று அங்கே இருக்கும் பூவையெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பாள். அரை மணியும் அதிலேயே போகும். நான் அவசரப்படுத்துவதை நிறுத்திய பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது விளையாட்டாக ஆனது.

இப்போது உனக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. வெண்பா ஆடியிருக்கிறாயா? 2023 ஜூலை கடைசியில் வந்தது. கனடாவில், டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், பிறகு மகன் கவின். கதை 1988-இல் தொடங்குகிறது, வெண்பா பிள்ளை உண்டாகியிருக்கும் நேரத்தில், உன்னை மாதிரி. ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. பக்கம் கிழிந்து, எழுத்து அழிந்துபோய். அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துச் சமைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். எனக்கு ஐந்து ராத்திரி ஆனது.

முதல் புதிர் இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கொசுவலையைச் சரி செய்துகொண்டிருந்த அத்தை சட்டென்று, "தட்டைத் திருப்பி வையாத்தா, குழிக்கு மேலேயே குழி வந்தா எப்புடி வேகும்?" என்றார். திருப்பி வைத்தேன். வெந்தது. அவர் கொசுவலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்து புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் எந்த வரிசை என்பதற்கு நான் கேட்காமலே சொன்னார். வாழ்க்கையில் கன்ட்ரோலரைத் தொடாதவர் அந்த ஐந்து ராத்திரியும் என் பக்கத்தில் இருந்தார்.

மகன் வளர வளர அம்மாவின் தமிழிலிருந்து விலகிப் போகிற இடம் வந்தபோது அவர் பேசவில்லை. அவருடைய மூத்த மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் போனில் அப்பத்தா என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள். ஆட்டம் முடிந்ததும், "யாரு இதை எழுதுனது, நம்ம ஊர்ப் புள்ளையா?" என்று கேட்டார். தமிழ்ப் பிள்ளைதான் என்றேன். 2024-இல் சான்பிரான்சிஸ்கோவில் தனிக் குழுக்களின் விளையாட்டுகளுக்கான விழாவில் அதற்குத்தான் பெரும்பரிசு. லண்டனில் பாஃப்டாவும் கொடுத்தார்கள், முதல் படைப்புக்கான விருது. அதையும் சொன்னேன். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மறுநாள் காலை மூத்த மருமகளுக்குப் போன் போட்டு, இட்லிக்கு அரிசி உளுந்து அளவைத் திரும்பத் திரும்பச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், நீ பயப்படுகிற விஷயத்துக்கும் வந்துவிடுகிறேன். அடிமையாகிவிடுவோமோ என்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதில் மணிக்கணக்கு எதுவும் கிடையாது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லையா, மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னால் வந்துவிட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா, அதனால் வீடும் வேலையும் குலைகிறதா என்று பார்க்கிறார்கள். சாதாரணமாக 12 மாதமாவது அப்படி இருந்தால்தான் அந்தப் பெயரையே சொல்வார்கள். என் முதல் மூன்று மாதத்தை அந்தக் கேள்விகளோடு வைத்துப் பார்த்தேன். நோய் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போகிற ரோடு என்று தெரிந்தது. யாரிடமும் மறைக்காமல் ஆடு. கதவைச் சாத்திக்கொண்டு ஆடத் தோன்றுகிற அன்றைக்கு எனக்குப் போன் போடு.

விற்க வேண்டாம். முதல் நாற்பது நாள் அதை எடுக்கவும் வேண்டாம். கிடைக்கிற நேரமெல்லாம் தூங்கு. பிறகு பிள்ளை தோளில் தூங்கும்போது ஒரு கையால் ஆடுகிற மாதிரி, அவசரமே இல்லாத ஆட்டமாக எடு. சத்தத்தை அணைத்துவிடு, வெளிச்சத்தைக் குறைத்துவிடு.

அதோ எழுந்துவிட்டான், சத்தம் கேட்கிறது. நீ உட்கார், நான் தூக்கி வருகிறேன். மறந்துவிடப் போகிறேன், இதைக் கேட்டுக்கொள்: ஸ்விட்சை அலமாரியில் வைக்கும்போது ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்துவிட்டு, பாதிக்கு மேல் சார்ஜோடு வை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து சார்ஜ் போடு, உனக்கு நினைவிருக்காது, உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வை. லித்தியம் பேட்டரி அடியோடு வடிந்து மாசக்கணக்கில் கிடந்தால் திரும்ப ஏறாமலே போகலாம்.